முதலில் முகக்கவசம், பிறகுதான் உளி

எங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமைதான். ஆனால் சகோதரிகளே, ஒரு சிற்பியின் மனைவியாக எனக்குத் தெரிந்த இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன்.

தேக்கோ வாகையோ, எங்க வீட்டுக்காரர் உளியும் கொட்டாப்புளியும் எடுத்தால் பிள்ளையார் முகம் எழும்பிவிடும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவது என் வேலை. பெயர் என்னவோ அவருக்குத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. கவலையெல்லாம் அந்தத் தூளைப் பற்றித்தான். வாகைத் தூள் பறந்தால் வீடே தும்மும். மரத்தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் ஆஸ்துமா வரும், மூக்கில் புற்றுநோய்கூட வரலாம் என்கிறது மருத்துவம்.

"இதெல்லாம் பழகிப் போச்சு, விடு" என்றார் அவர்.

"உங்களுக்குப் பழகலாங்க, தொட்டில் பிள்ளைக்குப் பழகுமா?" என்றேன். மறுவாரமே பட்டறை திண்ணையை விட்டுக் கொல்லைக் கொட்டகைக்குப் போயிற்று.

இப்போது தூளை விளக்குமாற்றால் பெருக்குவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறேன். உப்புத்தாள் போடும்போது இருவருக்கும் என்-95 முகக்கவசம் உண்டு. கை கால் கழுவி, உடுப்பு மாற்றாமல் யாரும் குழந்தையைத் தூக்குவதில்லை.

மூத்தவள் தனக்கும் உளி வேண்டுமென்கிறாள். தாராளமாகக் கற்கட்டும். ஆனால் முதலில் முகக்கவசம், பிறகுதான் உளி!