ஒப்புக்குச் சப்பாணி

களத்தில் இன்னும் காப்பி இறங்கவில்லை. அதனால்தான் அங்கே கிரிக்கெட் நடக்கிறது.

ஏற்காட்டில் சமதரை கிடைப்பது அரிது. ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்சம், பெரிய பள்ளிக்கூடங்களின் வேலிக்குள் கொஞ்சம், மிச்சமெல்லாம் சரிவு. எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்திருப்பது காப்பி காயவைக்கிற சிமென்ட் களம் ஒன்றுதான். கார்த்திகையில் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் அதுவும் கைவிட்டுப் போய்விடும். தை, மாசி வரை கொட்டை காயும். மேலே கால் வைத்தால் திட்டு விழும். ஆகவே காலாண்டுப் பரீட்சை முடிந்ததிலிருந்து முதல் பழக்கூடை வந்து கொட்டும் நாள்வரை உள்ள இந்தச் சில வாரங்கள்தான் அவர்களுக்குப் பந்தடிக்கும் காலம்.

பாடப்புத்தகத்தைக் கேட்டால் இதை இலையுதிர்காலம் என்று சொல்லும். இங்கே உதிர்வது குறைவு. மிளகுக்கொடியைச் சுமந்துகொண்டு சில்வர் ஓக் பச்சையாகத்தான் நிற்கிறது. காப்பிச் செடியில் மட்டும் கணுவுக்குக் கணு பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருக்கிறது. பழந்தமிழ்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தூறலும் ஊதலுமான இந்த மலைக்கு அந்தப் பெயர்தான் ஒட்டுகிறது. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும். சாயங்காலத்துக்குள் ஒரு மழை. ஆட்டத்தை அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

நான் பக்கத்து வீட்டு வராந்தாவில் டீயோடு உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை. மணி பத்தரை.

ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று சாட் பூட் த்ரீ போட்டார்கள். கைகள் ஒன்றாக இறங்கின, சில உள்ளங்கை மேலே, சில கீழே. "பழம்!" என்று ஒருத்தன் துள்ளி விலகினான். இன்னொரு சுற்று. இன்னொரு பழம். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பெண்ணுக்கு ஒன்பது வயதிருக்கும். இந்தக் கூட்டத்துக்கு அவள்தான் கேப்டன், அம்பயர், சில சமயம் நீதிமன்றம். அவள் இடுப்பில் ஒரு தம்பி. நாலு வயதுக்கு மேல் இருக்காது. தலையில் மங்கி குல்லா, மூக்கில் ஒழுகல். அவனைக் களத்தில் இறக்கிவிட்டாள்.

"இவன் எந்த டீம்?"

"ஒப்புக்குச் சப்பாணி."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அது சட்டம். ஒப்புக்குச் சப்பாணிக்கு பேட்டிங் உண்டு, அவுட் கிடையாது. அவன் பிடித்த கேட்சும் கணக்கில் வராது, விட்ட கேட்சும் கணக்கில் வராது. ஆனால் எல்லாரோடும் ஓடலாம், எல்லாரோடும் கத்தலாம், ஜெயித்த பக்கம் போய் நின்றுகொள்ளலாம். சிறுபிள்ளையை எத்தனை வயதில் விளையாட்டில் சேர்ப்பது, முதலில் எதைச் சொல்லித் தருவது என்று பட்டணத்தில் காசு கட்டிக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். தோல்வியில்லாமல் இரண்டு வருஷம் ஓடவிடு, பிறகு அவனே "நானும் டீம்தான்" என்று சண்டைக்கு வருவான்.

சொல்தான் நன்றாயில்லை. நடக்க முடியாதவரை வைத்துச் செய்த சொல். இன்றைக்குக் காதில் விழும்போது கூசுகிறது. அதுவும் சேலம் மாவட்டத்தில். மலைக்குக் கீழே பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பள்ளியில் அவர் முதலில் ஆடியது வாலிபால். உயரம் தாண்டலாம் என்று கண்டுபிடித்தது உடற்பயிற்சி ஆசிரியர். எந்த விளையாட்டு என்பதைப் பிள்ளையின் உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்திருக்கிறது, முன்கூட்டியே யாருக்கும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு ஹோம்ஸ்டே பக்கமிருந்து ஒரு அப்பா வந்தார். பின்னாலேயே முழு வேஷத்தில் ஒரு பையன். ஆறு வயதிருக்கலாம். பேடு தொடைவரை ஏறியிருந்தது. ஹெல்மெட் கண்ணை மறைத்தது. நடக்கும்போது வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்தான். எல்லாம் புதுசு. விலைச்சீட்டு கட்டியிருந்த பிளாஸ்டிக் நூல்கூட ஒரு கிளவுஸில் அறுபடாமல் தொங்கியது.

"தம்பி, கொஞ்ச நேரம் நாங்களும் ஆடிக்கலாமா?"

சிவப்பு ஸ்வெட்டர் களத்தின் ஒரு மூலையைக் கைகாட்டினாள். அப்பா பந்து போட ஆரம்பித்தார். "எல்போ மேல தூக்கு கண்ணு. பந்தப் பாரு. பந்தப் பாரு சாமி." பையன் பந்தைப் பார்த்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது. ஆறு வயதில் வேகமாக வருகிற பொருள் எங்கே, எப்போது வந்து சேரும் என்று கணிக்கும் திறமை கண்ணுக்கும் மூளைக்கும் இன்னும் முழுசாகக் கூடியிருக்காது. அப்பாவுக்கு அது தெரியவில்லை, பையனுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

"நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் எப்படிடா வந்தாரு? பிராக்டீஸ்!"

அந்த நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார் என்பதை எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டீ ஆறிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

களத்தோரக் கட்டைச்சுவரில் பையனுடைய அம்மா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர்களோடு தங்கியிருக்கும் இன்னொரு அம்மா. "அஞ்சு வயசுக்கு மேல தெனமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாடணுமாங்க. உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்குது" என்றார் போன் வைத்திருந்தவர்.

"ஒரு மணி நேரத்துக்கு எங்கீங்க போறது? என்றதைக் கராத்தேல சேத்துனேன். மூணு மாசத்துல பெல்ட் வந்துருச்சு. கராத்தேதான் வரல."

"ஸ்கேட்டிங்?"

"ரோடு வேணுமில்ல."

"அப்ப பேட்மிட்டன்?"

பதில் வருவதற்குள் களத்தில் ஒரே கூச்சல். யாரோ பள்ளத்துப் பக்கம் தூக்கி அடித்துவிட்டான்.

இந்தக் களத்துச் சட்டம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேட்டுப் பக்கம் அடித்தால் ரன். பள்ளத்துப் பக்கம் தரையோடு அடித்தாலும் ரன், கட்டைச்சுவர் தடுத்துக்கொள்ளும். தூக்கி அடித்துக் காப்பிக்குள் போனால் அவுட், அடித்தவனேதான் இறங்கி எடுத்துவர வேண்டும். பழம் உதிர்ந்தால் எஸ்டேட்டில் பேச்சு வாங்குவார்கள் என்பதற்காக ஏற்பட்ட சட்டம். ஆனால் அதன் புண்ணியத்தில் இங்கே பத்து வயதுப் பையன்கள் எல்லாரும் மட்டையை நேராக வைத்துப் பந்தைத் தரையோடு தட்டுகிறார்கள். அந்த அப்பா மூலையில் நின்று தொண்டை வறள எதைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அதைச் சரிவு சத்தம் போடாமல் சொல்லிக்கொடுத்திருந்தது.

பந்து செடிகளுக்குள் துள்ளித் துள்ளி இறங்கியது. அடித்தவன் முகம் தொங்கியது. அப்போதுதான் ஹெல்மெட் பையன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.

முதல் தடவை இறங்கியதில் பாதித் தூரம் பின்புறத்தால்தான். சறுக்கிக்கொண்டே போய் ஒரு சில்வர் ஓக்கைக் கட்டிப்பிடித்து நின்றான். அம்மா எழுந்துவிட்டார். "டேய், பாத்துடா!" அவன் பந்தோடு மேலே வந்தபோது ஒரு பேடு காணாமல் போயிருந்தது. யாரும் அவனைப் பாராட்டவில்லை. பந்தை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவன் அப்பாவின் மூலைக்குத் திரும்பவில்லை. கட்டைச்சுவரின் மேல் ஏறி, அடுத்த பந்து எப்போது போகும் என்று காத்து நின்றான்.

இலவசமாக ஒரு ஆள் கிடைத்ததும் பையன்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடித்தவன் எடுக்கணும் என்ற சட்டம் அன்றைக்குக் காற்றில் போனது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

மூன்றாவது தடவை ஹெல்மெட் கழன்றது. ஐந்தாவது தடவை நேராக இறங்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பாதத்தின் ஓரத்தை மண்ணில் அழுத்தி அழுத்தி இறங்கினான், மலைப் பிள்ளைகள் எல்லாரும் இறங்குகிற மாதிரியே. யாரும் சொல்லித் தரவில்லை. ஏழாவது தடவை பிடிமானத்துக்குக் காப்பிக் கிளையை இழுத்தான். கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த பாட்டி ஒரு அதட்டல் போட்டாள். எட்டாவதிலிருந்து மரத்தை மட்டும் பிடித்தான். பத்தாவது தடவை பந்து எங்கே போய் நிற்கும் என்று அது சுவரைத் தாண்டும்போதே தெரிந்துகொண்டு நேராக அந்த இடத்துக்குப் போனான். மூலையில் நின்று பார்க்கத் தெரியாத பந்தை இப்போது முதுகுப்பக்கமாகக்கூடப் பார்த்தான்.

ஏறும்போதுதான் வேலை. முட்டியில் கை ஊன்றி, வாயால் மூச்சு விட்டு, கன்னம் பழமாகச் சிவந்து வருவான். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே, ஈர மண்ணில், இருபதடி சரிவு. எந்த அகாடமியில் இதற்கு மெஷின் இருக்கிறது?

"ஸ்வெட்டரக் கழட்டாதடா, சளி புடிக்கும்!" என்று அம்மா கத்தினார். சளி பிடிக்க வைப்பது வைரஸ், குளிர் அல்ல என்று டாக்டர்கள் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. எந்த அம்மா கேட்டாள்? இந்த மாதத்தில் மலையில் பயப்பட வேண்டியது இடிக்குத்தான். நேற்று தூரத்தில் ஒரு உறுமல் கேட்டதுமே சிவப்பு ஸ்வெட்டர் ஆட்டத்தை நிறுத்தி, ஒருத்தனும் மரத்தடியில் நிற்கக் கூடாதென்று எல்லாரையும் காப்பிக் கிடங்குக்குள் விரட்டியதைப் பார்த்தேன். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வரக் கூடாதென்று புத்தகங்களில் எழுதியிருக்கும். அவளிடம் கடிகாரம் இல்லை. மறுபடி ஆடலாம் என்று அவள் சொன்னபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தப் பருவம் என்றால் கால்பந்து, கிரிக்கெட் கோடைக்கு. அவர்கள் ஊர்க் குளிருக்கு அது சரி. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகள் வழியாகப் பந்தும் மட்டையும் இந்த மலைக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பழக்கமாகிவிட்டன. ஆனால் வேலிக்கு வெளியே எந்தப் பருவத்தில் எந்த ஆட்டம் என்பதைக் காப்பிதான் முடிவு செய்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் களம் போய்விட்டால் இதே கூட்டம் பம்பரத்துக்கும் கோலிக்கும் மாறிவிடும். அதற்கு ஒரு முழம் மண் போதும். ஒரே ஆட்டத்தில் பிள்ளையைக் கட்டிப்போடுவதைப் பதினைந்து, பதினாறு வயதுவரையாவது தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. இங்கே தள்ளிப்போடும் வேலையைக் காப்பிக்கொட்டை பார்த்துக்கொள்கிறது.

பதினேழு. பதினேழாவது தடவை அவன் மேலே வந்தபோது ஹோம்ஸ்டே பக்கமிருந்து கார் ஹாரன் கேட்டது. கீழே இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி இருட்டுக்கு முன் ஊர் சேர வேண்டுமாம். அப்பா செடிகளுக்குள் இறங்கிப் பேடைத் தேடி எடுத்தார், மண்ணைத் தட்டினார், பையில் திணித்தார்.

"காலையிலிருந்து அஞ்சு பால் ஒழுங்கா ஆடலீங்க இவன். காசு குடுத்து வாங்குனது வேஸ்ட்டு."

"இன்னிக்கு அந்த ஒரு மணி நேரம் ஆயிருச்சா?" என்று மனைவி போனை அணைத்தபடி கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. பின்சீட்டில் பையன் கதவு சாத்துவதற்குள் தூங்கிப்போயிருந்தான். காலுறையில் ஒரு காப்பி இலை ஒட்டியிருந்தது.

கார் போனதும் மேகம் வந்தது. முதலில் மேட்டு மரங்கள் காணாமல் போயின, பிறகு கிடங்கு, பிறகு மேட்டுப் பக்கம் நின்றவர்கள். "லாஸ்ட் ஓவர்" என்று சிவப்பு ஸ்வெட்டரின் குரல் மட்டும் வந்தது. மங்கி குல்லாவின் முறை. அவன் உயரத்துக்கு முக்கால் இருந்த மட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றான். பந்து போட்டவன் அருகில் வந்து உருட்டிவிட்டான். மட்டை எப்படிப் பட்டதோ, பந்து சுவரின் உடைந்த இடுக்கு வழியாக நழுவிப் பள்ளத்தில் இறங்கியது.

எடுத்துவர இப்போது ஆள் இல்லை. எல்லாரும் இறங்கினார்கள்.

"கெடச்சுச்சா?"

"இல்ல. அந்தாண்ட பாரு."

குரல்கள் கீழே கீழே போயின. களத்தில் ஒருத்தன்தான் மிச்சம். பனிக்குள் அவன் குல்லாவின் நுனி மட்டும் தெரிந்தது. ஸ்டம்பாக நிறுத்தியிருந்த சாக்கு மூட்டைக்கு முன்னால் நின்று, பெரிய பையன்கள் செய்வதைப் பார்த்துப் பழகிய மாதிரியே, மட்டையால் சிமென்டைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக். டொக்.