கியர்பாக்ஸ் போயிடுச்சா? கொஞ்சம் பொறுங்க!

ஆட்டோமேட்டிக் கார் பழசாயிட்டா அதுக்கு ஒரே ஒரு வியாதிதான் வரும்னு நம்ம ஊர்ல பாதிப் பேர் நம்புறாங்க. வியாதியோட பேர் "கியர்பாக்ஸ் போயிடுச்சு". கிளம்பும்போது குலுங்குதா? கியர்பாக்ஸ். பார்க்ல இருந்து லீவர் நகரலையா? கியர்பாக்ஸ். விட்டா ஹாரன் அடிக்கலைன்னாலும் அதையேதான் சொல்வாங்க போல. :-)

பி.காம். படிக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். காரணம் அப்பா. சின்ன வயசுல போலியோ வந்து அவருக்கு இடது கால்ல பலம் கிடையாது, கிளட்ச் மிதிக்க முடியாது. திருப்போரூர்ல இருந்து செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய் வர, 2016ல ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். 2009 மாடல், நாலு கியர். (கம்பெனி பேர் வேண்டாம், பாவம், அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்லை.) மத்தவங்களுக்கு ஆட்டோமேட்டிக்னா சொகுசு. அவருக்கு அது இல்லைன்னா பஸ் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டோட உயரம் எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

2024ல ஒரு நாள் சாயங்காலம், கேளம்பாக்கம் தாண்டி தையூர் கிட்ட வரும்போது வண்டி ஒரு உதறு உதறிச்சு. அதுக்கப்புறம் கியர் மாறவே இல்லை. சிக்னல்ல நின்னு கிளம்பினா சைக்கிள்காரர் முந்திட்டுப் போறார், அவ்வளவு மந்தம். ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டோம். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துட்டு, "கியர்பாக்ஸ் ஓவர்ஹால், 95,000 ஆகும், மூணு வாரம்" அப்படின்னுட்டாங்க. வண்டியை வித்தாலே ஒண்ணரை லட்சம் வந்தா அதிகம். அப்பா ராத்திரி சாப்பிடும்போது, "விட்டுடலாம்மா, நான் பஸ்லயே போயிக்கிறேன்"னு சாதாரணமாச் சொன்னார்.

எனக்கு அந்த 95,000 விட அந்தப் பத்து நிமிஷம்தான் உறுத்திச்சு. பானெட்டைத் திறக்கலை. ஆயில் குச்சியை உருவிப் பார்க்கலை. ஸ்கேனர் மாட்டலை. அப்புறம் எப்படித் தெரிஞ்சது?

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல உங்க வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா வியாதியும் வைத்தியமும் வேற வேற. ரெண்டு டேபிள் ஃபேனை எதிர் எதிரா வச்சு ஒண்ணை மட்டும் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? காத்துக்குப் பதிலா எண்ணெய் இருந்தா அதுதான் டார்க் கன்வெர்ட்டர். எங்க வண்டி அந்த வகை. இதுல டிரைவ்ல போட்டு பிரேக்ல இருந்து காலை எடுத்தாலே வண்டி மெதுவா நகரும். எங்க ஊர் கந்தசாமி கோயில் வாசல்ல புது வண்டிக்குப் பூஜை போடும்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எலுமிச்சம்பழத்தை நசுக்கணும். நசுக்கலைன்னா விசாரிக்க வேண்டிய விஷயம் இருக்கு. அடுத்தது சிவிடி. பல்சக்கரம் மாத்துறதே இல்லை, ரெண்டு கப்பிக்கு நடுவுல ஒரு பெல்ட். மூணாவது ஏஎம்டி, 2014ல செலேரியோ கொண்டு வந்து பரவலாக்கினது. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை நமக்குப் பதிலா ஒரு மெஷின் மிதிக்குது. கிளட்ச் தேயும், மாத்தணும், அவ்வளவுதான். நாலாவது இரட்டைக் கிளட்ச்.

இந்த நாலாவதுக்கு நம்ம மாவட்டத்துலயே ஒரு கதை இருக்கு. செங்கல்பட்டு போய் ஜிஎஸ்டி ரோட்ல சென்னைப் பக்கம் திரும்பினா மறைமலை நகர். அங்கே இருந்த ஃபோர்டு தொழிற்சாலைல இருந்துதான் 2013ல ஈகோஸ்போர்ட் வந்தது. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல ஆறு கியர் இரட்டைக் கிளட்ச், ஃபோர்டு அதுக்கு வச்ச பேர் பவர்ஷிஃப்ட். மெதுவாப் போகும்போது நடுங்குதுன்னு அந்த வகை கியர்பாக்ஸ் மேல உலகம் முழுக்கப் புகார். 2017ல ஈகோஸ்போர்ட்டைப் புதுப்பிச்சப்ப இந்தியாவுல அதை எடுத்துட்டு டார்க் கன்வெர்ட்டர் வச்சாங்க. 2022ல மறைமலை நகர்ல கார் தயாரிப்பே நின்னுபோச்சு, அது வேற கதை. நான் சொல்ல வந்தது ஆஸ்திரேலியாவுல நடந்தது. புகார் சொன்னவங்க நிறைய பேர்கிட்ட, "நீங்க ஓட்டுற விதம் சரியில்லை, அதனாலதான் நடுங்குது"ன்னு கம்பெனி சொல்லியிருக்கு, வண்டியிலயே கோளாறு இருக்கலாம்னு தெரிஞ்சிருந்தும். வாடிக்கையாளர்களை நடத்தின அந்த விதத்துக்காக 2018 ஏப்ரல்ல அங்கத்திய நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. வண்டி நடுங்கினதுக்கு இல்லைங்க, காரணத்தை மாத்திச் சொன்னதுக்கு!

நம்ம மெக்கானிக் கடைங்கள்ல நடக்கிறது இவ்வளவு பெரிசு இல்லை. ஆனா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு, காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு உடனே புரியும். பார்த்ததுக்கு நாம காசு கொடுக்கிறது இல்லை, மாத்தினதுக்குத்தான் கொடுக்கிறோம். ரெண்டு மணி நேரம் தேடி ஒரு ஒயரைத் துடைச்சு விட்டவருக்கு நூறு ரூபாய் நீட்டிட்டு "இதுக்கா இவ்வளவு நேரம்"னு கேட்போம். அப்புறம் அவர் ஏன் தேடுவார்?

நாங்க அடுத்துப் போனது செங்கல்பட்டு ரோட்ல ஷெட் வச்சிருக்கிற ஒரு பெரியவர்கிட்ட. "பார்க்கிறதுக்கே ஐநூறு ரூபா ஆகும் பாப்பா, சரியா?"ன்னு முதல்லயே கேட்டுட்டார். எனக்கு அவரை அப்பவே பிடிச்சுப்போச்சு. அவர் பார்த்த வரிசையைத்தான் கீழே சொல்றேன், நடுவுல நான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டதையும் சேர்த்து.

முதல்ல எண்ணெய். சமதளத்துல நிறுத்தி, வண்டி நல்லா சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதிச்சுகிட்டு லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை கொண்டுபோய் பார்க்குக்குத் திரும்பணும். அப்புறம் குச்சியை உருவித் துடைச்சு மறுபடி விட்டுப் பார்க்கணும். (சில கம்பெனி நியூட்ரல்ல பார்க்கச் சொல்லும், சில கம்பெனி எஞ்சினை நிறுத்திட்டு. வண்டியோட கையேட்டைப் பாருங்க. சில வண்டிகள்ல குச்சியே கிடையாது, அடியில திருகைக் கழட்டித்தான் பார்க்கணும்.) ஒரு சொட்டை வெள்ளைத் துணியில விடுங்க. பெரும்பாலான எண்ணெய் புதுசுல சிவப்பா இருக்கும். பழுப்பா இருந்தா வயசு. கறுப்பா, தீஞ்ச வாசனையோட இருந்தா உள்ளே கிளட்ச் தட்டு கருகுது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. ரேடியேட்டர் வழியா வந்திருக்கலாம், வெள்ளத்துல நின்னு வந்திருக்கலாம். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் பார்த்த ஊர்க்காரங்க நாம, பழைய கார் வாங்கப் போனா இந்த ஒரு சொட்டை மறக்காதீங்க. அளவு குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுது. எஞ்சின் ஆயில் மாதிரி இது எரிஞ்சு தீராது. ஊத்தும்போது கையேட்டில் சொன்ன ரகம் மட்டும்தான். சிவிடிக்கு சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊத்தினா அது வேற செலவு.

எங்க வண்டியில எண்ணெய் பழுப்பு, ஆனா தீஞ்ச வாசனை இல்லை, அளவும் சரி. "தட்டு நல்லாத்தான் இருக்கும்போல"ன்னார் பெரியவர். 95,000ல பெரும்பகுதி அந்த வாசனையிலயே அடிபட்டுப் போச்சு!

அப்புறம் அற்பமான விஷயங்கள். லீவர் பார்க்கை விட்டு நகரலைன்னா, யாரையாவது பின்னாடி நிறுத்தி பிரேக் லைட் எரியுதான்னு பாருங்க. எரியலைன்னா பெடலுக்கு மேல இருக்கிற சின்ன சுவிட்ச்தான் பெரும்பாலும் குற்றவாளி. பிரேக் மிதிச்ச சேதி போய்ச் சேராம லீவர் பூட்டு திறக்காது. (அவசரத்துக்கு லீவர் பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே சாவியை அழுத்தினா விடும்.) பார்க்ல ஸ்டார்ட் ஆகாம நியூட்ரல்ல ஸ்டார்ட் ஆனா, லீவர் எங்கே இருக்குன்னு சொல்ற சுவிட்ச். பேட்டரி டெர்மினல்ல பூ பூத்திருந்தாக் கூட கியர் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடிச்ச மாதிரி நடக்கும்.

ஒரே கியர்ல மாட்டிக்கிறது எங்க கேஸ். அது பாதிப் பேர் நினைக்கிற மாதிரி உடைஞ்சுபோன அறிகுறி இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு தகவல் வரலைன்னா, "குருட்டாம்போக்குல மாத்த மாட்டேன்"னு ஒரே கியர்ல உட்கார்ந்துக்கும். நாலு கியர் வண்டிகள்ல பெரும்பாலும் மூணாவது. மெதுவா வீடு வரைக்கும் போய்ச் சேரலாம். ஸ்கேனர் மாட்டினார். பி0700 வந்தது. அதுக்கு அர்த்தம் "கியர் கம்ப்யூட்டர்கிட்டக் கேளு", அவ்வளவுதான். மலிவான ஸ்கேனர் இதோட நின்னுடும், நிறைய பேர் இதைப் பார்த்துத்தான் கியர்பாக்ஸைக் கழட்டுறாங்க. அவர்கிட்ட இருந்தது கியர் கம்ப்யூட்டரையும் படிக்கும். அடுத்து வந்தது பி0715. உள்ளே வர்ற வேகத்தை அளக்கிற சென்சாரோட சுற்றுல கோளாறு.

எங்க வண்டியில அந்த சென்சார் கியர்பாக்ஸுக்கு வெளியே, ஒரே ஒரு போல்ட்ல நிக்குது. பிளக்கைக் கழட்டினா உள்ளே பச்சைப் பச்சையாக் களிம்பு. "உப்புக் காத்தும்மா, கோவளம் கேளம்பாக்கம் பக்கமெல்லாம் உப்பளம் ஆச்சே"ன்னார். துடைச்சதும் வண்டி சரியாச்சு, மறுநாள் மறுபடி உதறிச்சு. சென்சாரையே மாத்தினோம். பார்த்த கூலி 500ஐயும் சேர்த்து மொத்தம் 3,400 ரூபாய்.

அப்பா அந்த பில்லை மடிச்சு ஆர்சி புக் உள்ள வச்சிருக்கார்.

எல்லாருக்கும் இப்படியே முடியும்னு சொல்லலை. ஆக்சிலரேட்டர் மிதிச்சா எஞ்சின் மட்டும் கத்துது, வேகம் ஏறலை, எண்ணெயும் கறுத்துத் தீஞ்ச வாடைன்னா, உள்ளே தேஞ்சுபோச்சு. அப்ப புது எண்ணெய் ஊத்தி ஒண்ணும் ஆகாது. "எண்ணெய் மாத்தினதாலதான் கியர்பாக்ஸ் போச்சு"ங்கிற பேச்சு பெரும்பாலும் இப்படிக் கடைசி நேரத்துல மாத்தினவங்ககிட்ட இருந்து வர்றது. முன்னாடியே மாத்துங்க. ஒரு தடவை வடிச்சா பழைய எண்ணெய்ல ஒரு பகுதிதான் வெளியே வரும், மிச்சம் கன்வெர்ட்டர்ல நிக்கும். அதனால ரெண்டு மூணு தடவையாப் பண்ணணும்.

60, 70 கிலோமீட்டர் வேகத்துல சீராப் போகும்போது மட்டும் ரோட்டுல கோடு போட்ட மாதிரி அதிர்ந்தா, பின்னால வண்டி வராத இடமாப் பார்த்து ஆக்சிலரேட்டரை அப்படியே வச்சுகிட்டு இன்னொரு காலால பிரேக்கை லேசாத் தொடச் சொல்வாங்க. தொட்டதும் அதிர்வு நின்னா கன்வெர்ட்டர் பூட்டு. நிக்கலைன்னா ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் தேடணும். (எங்க வீட்ல இந்தச் சோதனைக்கு மட்டும் அப்பா சீட்டை விட்டு இறங்கிடுவார்.) நடுரோட்ல நின்னா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க. எஞ்சின் ஓடினாத்தான் கியர்பாக்ஸுக்குள்ள எண்ணெய் பம்ப் ஓடும். ஓட்டுற சக்கரம் தரையில உருண்டுகிட்டே போனா உள்ளே வறண்டு தேயும். வண்டியை மேல ஏத்திட்டுப் போற லாரியைக் கூப்பிடுங்க.

நிஜமாவே போயிட்டா? அப்ப கணக்குப் போடுங்க. வாங்கின விலை, போன வருஷம் டயருக்குப் போட்ட காசு எல்லாம் காஸ்ட் அக்கவுண்டிங் பாஷையில மூழ்கிய செலவு. அதை நினைச்சு முடிவு எடுக்கக்கூடாது. இனிமே போடப்போற காசும், அந்தக் காசுக்கு வேற என்ன வண்டி கிடைக்கும்ங்கிறதும்தான் கணக்கு. புதுப்பேட்டையில பழைய கியர்பாக்ஸ் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும்னு யாராவது கூட்டிட்டுப் போவாங்க. போங்க, தப்பில்லை. விலை பேசுறதுக்கு முன்னாடி அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி ஒரு சொட்டு பிடிச்சுப் பாருங்க. ரோஸ்மில்க் கலர்ல வந்தா, பேசாம பக்கத்துல டீ குடிச்சுட்டு வந்துடுங்க.