குரங்குக்கும் மூணு நாள் உண்டு

சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காலையில் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். காலேஜ் போகிற பெண்களில் ஒருத்தியாவது முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் பாட்டி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும் தாயி." வைத்தியம் முடிந்தது! வீட்டில் கேட்டால் வெந்தயம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு மாத்திரை, அதையும் பேப்பரில் சுற்றித்தான் தருவார்கள்.

அந்த வலி ஏன் வருகிறது? மாதாமாதம் உள்ளே என்னதான் நடக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் முதலில் யாரைத் தேடிப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? குரங்கை.

காரணம் இருக்கிறது. எலிக்கு மாதவிலக்கு கிடையாது. முயலுக்கு, பசுவுக்கு, ஆட்டுக்கு எதற்கும் கிடையாது. 'நாய்க்கு வருதே' என்பீர்கள். அது வேறு. நாய்க்கு வருவது கருத்தரிக்கத் தயாராகும்போது கசியும் ரத்தம். மனுஷிக்கு வருவது, கரு தங்காததால் கருப்பையின் உள்சவ்வு உரிந்து வெளியேறுவது. இப்படி உரிகிற ஜீவன்கள் பாலூட்டிகளில் நூற்றுக்கு இரண்டு வகைகூடத் தேறாது. மனிதர்கள், வாலில்லாக் குரங்குகள், ஆசியா ஆப்பிரிக்காவின் குரங்குகள், சில வௌவால்கள், இன்னும் ஓரிரண்டு, அவ்வளவுதான். நத்தம் ரோட்டிலிருந்து பிரிந்து சிறுமலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் வாழைப்பழத்துக்குக் கை நீட்டுகிறதே நாட்டுக்குரங்கு, அதுவும் இந்தப் பட்டியலில் உண்டு. அதற்கும் ஏறக்குறைய மாசக் கணக்குதான்.

இந்தக் கதை ஆரம்பித்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர் 1891-ல் குரங்குகளைத் தேடிக் கல்கத்தா வந்தார். முயலின் கருவை எடுத்து இன்னொரு முயலின் வயிற்றில் வைத்து வளர்த்துக்காட்டிய அதே ஆள். அனுமன் குரங்கின் மாதவிலக்கைப் பற்றி 1894-லும், ரீசஸ் குரங்கைப் பற்றி 1897-லும் கட்டுரை வெளியிட்டார். நம் வீடுகளில் 'தூரம்' என்று சொல்லிப் பெண்களைத் திண்ணையில் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அப்போது ஒருவர் அனுமார் வம்சத்தின் கருப்பையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் :)

அதைவிட ஆச்சரியம் மார்க்கி என்ற அமெரிக்கர் செய்தது. கருப்பைக்குள் நடப்பதை நேரில் பார்க்க அந்தக் காலத்தில் வழி இல்லை. அதனால் ரீசஸ் குரங்கின் கருப்பைச் சவ்விலிருந்து சிறு துண்டை எடுத்து அதன் கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால் வைத்தார். துண்டு அங்கே ஒட்டி வளர்ந்தது. குரங்குக்கு மாதவிலக்கு வந்தபோது கண்ணுக்குள் இருந்த துண்டிலும் ரத்தம் கசிந்தது. கண்ணாடி ஜன்னல் வழியே பார்ப்பது மாதிரி பார்த்தார். முதலில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, சவ்வு ரத்தமில்லாமல் வாடுகிறது, அப்புறம்தான் உதிரம். 1940-ல் வெளியான இந்த வேலையை மாதவிலக்கு பற்றிய ஆராய்ச்சிகளில் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்தக் குரங்கின் கண்ணை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அறிவு கிடைத்ததும் நிஜம், சங்கடமும் நிஜம்.

அப்போதெல்லாம் ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக, பிறகு விமானத்திலும் போயின. பெரும்பாலும் போலியோ மருந்துக்காக. ஒப்பந்தத்தை மீறி ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று புகார் வந்ததும், மொரார்ஜி தேசாய் அரசு 1978-ல் ஏற்றுமதியையே நிறுத்தியது. அமெரிக்க விமானப்படை 1960-களில் கதிர் பாய்ச்சிய ரீசஸ் குரங்குக் கூட்டம் ஒன்றைப் பல வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். பெண் குரங்குகளில் எண்டோமெட்ரியோசிஸ், கதிர் படாதவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு!

எண்டோமெட்ரியோசிஸ் என்றால், கருப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே போய் ஒட்டி வளர்வது. தாங்க முடியாத வலி வரும், சிலருக்குக் குழந்தை தங்காது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது உலகம் முழுக்க 19 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ்ஸில் 20 பெண்கள் இருந்தால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

சரி, குரங்கு கிராக்கி, பராமரிப்புச் செலவும் அதிகம், வழக்கும் வரும். எலி மலிவு. எனவே லேப்களில் எலிதான். மாதவிலக்கே இல்லாத எலிக்கு இந்த நோய் எப்படி வரும்? வரவைக்கிறார்கள். ஒரு எலியின் கருப்பைத் துண்டை இன்னொரு எலியின் வயிற்றுக்குள் போடுகிறார்கள். 'நோய் ரெடி'. மலிவுக்காக வேறு சரக்கை வைத்துக் கணக்குப் பார்ப்பது மாதிரி இது. முழுசாகப் பொய்யில்லை, முழுசாக உண்மையும் இல்லை. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் முள் எலி என்ற ஒரு வகைக்கு சுமார் 9 நாளுக்கு ஒருமுறை இயற்கையாகவே மாதவிலக்கு வருவதை 2017-ல் வெளியிட்டார்கள். எலிகளில் அதுதான் முதல். 'மாத'விலக்கு என்று சொல்லலாமா என்பது தமிழாசிரியர்கள் பாடு.

எல்லாம் இருந்தும் ஒன்று இடிக்கிறது. வலிக்கிறது என்று எலி சொல்லாது. அதனால் கண் எவ்வளவு சுருங்குகிறது, காது எப்படி மடிகிறது என்று எலியின் முகத்தைப் பார்த்து மார்க் போட 2010-ல் ஒரு அளவுகோல் கண்டுபிடித்தார்கள்.

வாயுள்ள ஜீவனிடம் கேட்பது மட்டும் சுலபமா? கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கதை தெரிந்திருக்கும். 1998 வாக்கில் மலிவு நாப்கின் செய்யக் கிளம்பியவரிடம் வீட்டுப் பெண்களே வாய் திறக்கவில்லை. கடைசியில் ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, அதை இடுப்பில் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். அதுவும் ஒரு விலங்குப் பரிசோதனைதான்!

ஆனால் வலி விஷயத்தில் பெரிய துப்பு பெண்களிடமிருந்தே கிடைத்தது. பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தீட்டு என்று நாம் ஒதுக்குகிற அந்த உதிரத்தையே சேகரித்துச் சோதித்தார். அதில் தசையைச் சுருங்கவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1957-ல் எழுதினார். பிறகு அது புரோஸ்டாகிளாண்டின் என்று தெரிந்தது. பேப்பரில் சுற்றித் தருகிறார்களே, அந்த மாத்திரை அடக்குவது அதைத்தான். இப்போது அதே உதிரத்திலிருந்து செல் எடுத்துக் கருப்பைச் சவ்வின் குட்டி வடிவத்தையே கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். புது மருந்துகளுக்கு விலங்கு இல்லாத இந்த மாதிரிச் சோதனைகளையும் ஏற்கலாம் என்று இந்திய அரசு 2023-ல் விதியைத் திருத்தியிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. கம்பியில் சாய்ந்திருந்த பெண் எழுந்து துப்பட்டாவைப் பின்னால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு இறங்குகிறாள். இரண்டாவது பீரியடில் முடியாமல் போனால் லீவ் லெட்டர் எழுதுவாள். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்றுதான் இருக்கும்.