‘ரிப்யூடியேட்’ என்னும் வினையின் எழுவாய்

ஆங்கிலத்தின் ‘ரிஜெக்ட்’, ‘ரிப்யூடியேட்’ இரண்டையும் ‘நிராகரி’ என்றே பெயர்த்து வருகிறோம். வேறுபாடு சிறிதன்று. வந்த விண்ணப்பத்தை ரிஜெக்ட் செய்யலாம். ரிப்யூடியேட் செய்வதற்கோ முன்பே ஒரு பிணைப்பு இருந்தாக வேண்டும். பிரீமியத்தைப் பெற்றுக்கொண்ட காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கையில் ஆளும் வினை இதுவே.

சொல்லின் வேர் லத்தீன் ‘ரெபூடியும்’. மணவிலக்கு என்று பொருள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கணவன் மனைவியைத் தள்ளிவைப்பதை இவ்வினை குறித்தது. (நம் ‘தள்ளிவை’யும் அப்படித்தானே? அதற்குப் பெண் எழுவாயாக வந்து நான் கேட்டதில்லை.)

இந்திய மணச் சட்டங்களில் அந்த எழுவாய் மாறுகிறது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டத்திலும், 1976இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலும் ரிப்யூடியேட் செய்பவள் பெண். 15 வயது நிறையுமுன் மணம் முடிக்கப்பட்டவள், 15 நிறைந்தபின், 18 நிறையுமுன் அம்மணத்தை ரிப்யூடியேட் செய்திருந்தால் மணமுறிவு கோரலாம் என்கிறது பின்னது. இங்கே ‘நிராகரித்திருந்தால்’ என்று எழுதினால், பெண்பார்க்க வந்த வரனை வேண்டாமென்றதுபோல் ஒலிக்கிறது. சிறுவயதில் அவள்மீது சுமத்தப்பட்ட கட்டு மறைந்துவிடுகிறது. ‘தன்னைக் கட்டுப்படுத்தாது என விலக்கியிருந்தால்’ என்று நீட்டியே இப்போது எழுதுகிறேன். இதனினும் சுருக்கமான சொல் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.