மணப்பாட்டுக் கரையில் ஒரு நீலக் குமிழி

திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால், கடலோரத்து மணற்குன்றும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் கண்ணிற்படும். அதுவே மணப்பாடு. பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று இங்கே கரைசேர்ந்தது என்றும், அம்மரத்தாலான சிலுவை 1540-இல் குன்றின்மேல் நாட்டப்பட்டது என்றும் ஊரார் வழிவழியாகக் கூறுகின்றனர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையும் இங்குள்ளது.

செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவுக்கு நாங்கள் குடும்பமாகச் சென்றிருந்தோம். குகையில் செபித்துவிட்டுக் கரையில் இறங்கினோம். ஈரமணலில், ஊதா கலந்த நீலநிறத்தில், கண்ணாடிக் குமிழிபோல் ஒன்று கிடந்தது. எங்களுடன் வந்த பத்து வயதுச் சிறுவன் அதைக் கையில் எடுத்தான், மறுகணம் அலறினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சாட்டையால் அடித்தாற்போன்ற தடிப்புகள்!

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் மணலை அள்ளித் தேய்க்க முனைந்தார். மற்றொருவர் குடிநீரை ஊற்ற வந்தார். சிறுநீரே கைகண்ட மருந்து என்றார் இன்னொருவர். "தேய்க்காதீங்க ஐயா! கடல் தண்ணியிலே கழுவுங்க" என்று கூவியவாறு ஊர்ப்பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். திருப்பயணிகளிடையே இருந்த செவிலியரான அருட்சகோதரி ஒருவர், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒட்டியிருந்த நீல நூல்களை மெல்ல அகற்றினார். பின்பு தேநீர்க் கடையிலிருந்து வெந்நீர் வருவித்து, தம் கையால் சூடு பார்த்தபின் சிறுவனின் கையை அதில் அமிழ்த்தினார். இருபது நிமிடத்தில் அழுகை விம்மலாகி, விம்மலும் அடங்கியது.

கடலோர மக்கள் சொறி என்றழைக்கும் இழுதுமீனைப் போலத் தோன்றினும், இது இழுதுமீன் அன்று. மிதவை பழைய பாய்க்கப்பலை நினைவூட்டுவதால், மேலைநாட்டார் இதற்குப் 'போர்த்துக்கீசியப் போர்க்கப்பல்' என்று பெயரிட்டனர். பார்வைக்கு ஒன்றாயினும் இது பல சிற்றுயிர்களின் கூட்டம். ஒன்று மிதக்க, சில இரை பிடிக்க, சில செரிக்க, சில இனம்பெருக்கும். தனித்து எதுவும் வாழாது. ஓருடலின் பல உறுப்புகளைப் பற்றிப் புனித சின்னப்பர் எழுதியது எங்கள் நினைவுக்கு வந்தது. இதற்கு நீந்தத் தெரியாது. காற்று தள்ளும் திசையே இதன் திசை. தொங்கும் கொடுக்கிழைகள் பெரும்பாலும் 10 மீட்டர், சில வேளை 30 மீட்டர் நீளமும் இருக்கும். அவற்றிலுள்ள நுண்ணிய நச்சுப்பைகள், உயிர் போய்க் கரையில் கிடக்கும்போதும் கொட்டவல்லவை. தேய்த்தாலோ நன்னீர் ஊற்றினாலோ, வெடியாதிருந்த பைகளும் வெடிக்கும். பெரியவர் தடுத்ததன் காரணம் இதுவே.

ஆகவே கடல்நீரால் கழுவி, இழைகளை அகற்றி, தாங்கக்கூடிய வெந்நீரில், 45 பாகை செல்சியசுக்கு மிகாமல், 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். வெந்நீர் கிடைக்காவிடில் பனிக்கட்டியைத் துணியிலோ பையிலோ பொதிந்து ஒற்றலாம். பெட்டி இழுதுமீன் என்னும் கொடிய இனம் கொட்டினால் உடனே வினிகர் ஊற்றுவர். இதற்கு வினிகர் ஏற்றதா என்பதில் மருத்துவரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் இவ்வுயிரின் நஞ்சை ஆராயத் தொடங்கிய பிரெஞ்சு அறிஞர்கள் ரிஷே, போர்த்தியே இருவரும், பின்னர் கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு ஓர் உண்மையைக் கண்டனர்: முதன்முறை தாங்கிய உடல், மறுமுறை சிறிதளவு நஞ்சுக்கே நிலைகுலையக்கூடும். கடும் ஒவ்வாமை பற்றிய இவ்வாய்வுக்காக 1913-இல் ரிஷே நோபல் பரிசு பெற்றார். எனவே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம், மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் கணமும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மாலையில் சிறுவன் கேட்டான்: "இவ்வளவு அழகான பொருளில் ஆண்டவர் ஏன் நஞ்சை வைத்தார்?"

அருட்சகோதரி சிரித்தார். "அது தன் உணவைத் தேட வைத்திருக்கிறது, தம்பி. உன்னைக் கொட்ட அது வரவில்லை. நீதான் அதை எடுத்தாய்."

கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரே, அழகைக் கண்ணால் காணக் கற்பியுங்கள். கைக்கு அவசரம் வேண்டாம்.