இறந்த திகதி

ஒரு தகவலை ஓரிடத்தில் மட்டும் எழுத வேண்டும். தொடர்புத் தரவுத்தளம் பற்றி மாலை வகுப்பில் நான் படித்தவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

ஸ்காபரோவில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பட்டியல் அப்படி இருக்கவில்லை. ஊரில் இருப்பவர்களும், கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்களும் ஒரே எக்செல் கோப்பில் இருந்தார்கள். ஒரு வீட்டில் ஐந்து பேர் என்றால் அந்த முகவரி ஐந்து தடவை. அவர்கள் ஏஜாக்சுக்குக் குடிபோனால் மூன்று நிரைகளில் புது முகவரி இருக்கும், இரண்டில் பழையது இருக்கும்.

இதற்கான வழியை 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் எழுதிய கட்டுரை தொடக்கிவைத்தது. வீடுகளுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் முதன்மைச் சாவியாக ஓர் இலக்கம். ஆளின் நிரையில் முகவரி இராது, அந்த இலக்கம் மட்டும் இருக்கும்.

பெயரைச் சாவியாக வைக்கக் கூடாது என்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணவரின் கடைசிப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கடைசிப் பெயர் அவருடைய பெயர். ஊரில் சிவகுமார்கள் மட்டும் நாலு பேர். ஆகவே ஆட்களுக்கும் இலக்கம் கொடுத்தேன்.

எல்லாம் ஒழுங்காக வந்தது, ‘இறந்த திகதி’ என்ற நிரல் வரும்வரை. ஆண்டுதோறும் நாங்கள் அச்சிடும் நினைவு மலருக்கு அது தேவை. உயிரோடு இருப்பவருக்கு அதில் எதுவும் இருக்காது. எஸ்.கியூ.எல் அதை ‘நல்’ என்கிறது. அது பூச்சியமும் அல்ல, வெறும் இடைவெளியும் அல்ல. இங்கே பெறுமானம் இல்லை என்பதற்கான அடையாளம்.

பெரியம்மாவின் மகனை, எங்கள் அண்ணாவை, 2009 மே மாதத்துக்குப் பிறகு யாரும் காணவில்லை. அவருக்கும் அதே நல்தான். உயிரோடு இருப்பவர்கள் யார் என்று கேட்டால், திகதி இல்லாததால் அவர் பெயரும் வருகிறது.

கொட் இந்தச் சிக்கலைக் கண்டவர். பெறுமானம் உண்டு, ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஓர் அடையாளமும், பெறுமானமே பொருந்தாது என்பதற்கு வேறோர் அடையாளமும் வேண்டும் என்று 1990இல் வந்த தன் நூலில் எழுதினார். எஸ்.கியூ.எல் ஒன்றையே வைத்துக்கொண்டது. இரண்டு இருந்திருந்தாலும் எனக்கு உதவியிராது. அண்ணாவுக்கு அந்த இரண்டில் எது பொருந்தும் என்பதுதானே எங்களுக்குத் தெரியாதது.

‘நிலை’ என்று தனி அட்டவணை போட்டேன். வாழ்கிறார், இறந்தார், தெரியாது என மூன்றில் ஒன்று. கூடவே சொன்னவர் யார், சொன்ன திகதி எது என்று இரண்டு நிரல்கள். அண்ணாவின் நிரையை நானாக நிரப்ப மனம் வரவில்லை. கிளிநொச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழ் வேண்டாதவர்கள், ஆள் காணாமல்போயிருக்கிறார் என்று சொல்லும் சான்றிதழ் பெறலாம். பெரியம்மா இரண்டையும் வாங்கவில்லை. சங்கத்தின் பட்டியலுக்கு மட்டும் சொல்வாரா என்று தயக்கத்தோடுதான் கேட்டேன்.

“தெரியாது எண்டு போட்டால், பிறகு மாத்தலாமோ தம்பி?”

“மாத்தலாம் பெரியம்மா. ஒரு இடத்திலை மாத்தினால் காணும்.”

“அப்ப போடு.”

அன்றைய திகதியைப் பதிந்தேன். சொன்னவர் என்ற நிரலில் பெரியம்மாவின் இலக்கத்தைப் போட்டேன்.