நாராவில் ஒரு நடை

மாணவனுக்கு எதற்குத் தனி வழிகாட்டி, வரைபடம் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஜப்பானின் நாராவைப் பொறுத்தவரை போதாது என்பேன்.

காரணம் தோதாய்ஜி கோவில். தனியாகப் போனால் மான்களுக்கு பிஸ்கட் கொடுத்து, சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தரை அண்ணாந்து பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். வழிகாட்டியாக வந்த அம்மா முதலில் சொன்னதே, இந்த மண்டபம் பழையது இல்லை என்பதுதான்! 1180-லும் 1567-லும் போரில் எரிந்திருக்கிறது. இப்போது நிற்பது 1709-ல் முடிந்தது. அகலம் பழையதில் மூன்றில் இரண்டு பங்குதான். புத்தரின் தலைகூட 17ஆம் நூற்றாண்டில் வார்த்தது.

அப்புறம் அசல் எது? பீடத்துத் தாமரை இதழ்களைக் காட்டினார். 8ஆம் நூற்றாண்டுச் செதுக்கல்கள் அவற்றில் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. 752-ல் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்களாம். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

புதுக் கட்டடம்தானே என்று அதற்குப் பிறகு தள்ளிவிட முடியவில்லை. எரிந்தபோதெல்லாம் யாரோ ஊர் ஊராக நிதி திரட்டி மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கயிற்றை யாரும் விடவே இல்லை என்று தோன்றியது.

செலவா? நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகும்.